பெரிய வியாழன் வரைக்கும்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. சன்னலோரம் நீங்களே இருங்க, நான் இந்தப் பக்கம் ஒதுங்கிக்கிடுதேன். அட, மனசாரத்தான் விட்டுத்தாரேன். பஸ்ஸு ஓடைப்பாலம் தாண்டித் திரும்பினா வெயில் உங்க மூஞ்சியிலயே அடிக்கும், அது உண்மைதான். ஆனா காத்து வரும் பாத்துக்கிடுங்க. விட்டுக்குடுக்கிறதுல ஒரு சுகம் இருக்கு தம்பி. அதை நான் இந்தத் தபசு காலத்துலதான் கண்டுபிடிச்சேன்.

நான் ஆயர் இல்லத்துக்குப் போறேன். ஆயர்கிட்ட ஒரு பிராது குடுக்கணும். யாரு மேலயா? எங்க பங்குச் சாமியார் மேலதான். சாமியாரைக் குறை சொல்றது பாவம், எனக்குத் தெரியாதா? அதனாலதான் குறைன்னு சொல்லல, பிராதுங்கேன். கோவமெல்லாம் இல்ல. கோவத்தை நான் விபூதிப் புதன் அன்னைக்கே விட்டாச்சு.

நீங்க வேதக்காரரா? இல்லியா? சரி, அப்ப விளக்கமாவே சொல்லுதேன். ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள் நோன்புதான் தபசு காலம், விபூதிப் புதன்ல தொடங்கும். பெரிய வெள்ளி கேள்விப்பட்டிருப்பீங்க, யேசுவைச் சிலுவையில அறைஞ்ச நாள். அதுக்கு முந்தின நாள் பெரிய வியாழன். அன்னைக்கி யேசு தன் சீசப்பிள்ளைகள், அதான் சீடருங்க, பன்னெண்டு பேரு காலையும் குனிஞ்சு உக்காந்து கழுவினாரு. ஆண்டவரே கழுவினாரு தம்பி, நம்மள மாதிரி ஆளு இல்ல. அதை நினைச்சு வருசா வருசம் சாயங்காலப் பூசையில எங்க சாமியாரு ஊர்ல பன்னெண்டு ஆம்பளைங்களை வரிசையா நாற்காலியில உக்கார வச்சுக் காலைக் கழுவி, துண்டால துடைச்சு, முத்தம் குடுப்பாரு.

அந்த நாற்காலியெல்லாம் எங்க ஊர்ல வழிவழியா வாரது. முதல் நாற்காலி ராயப்பர் நாற்காலி. சீசப்பிள்ளைகள்ல ராயப்பர்தானே தலைவரு? அது எங்க குடும்பத்துக்கு. எங்க அப்பா உக்காந்தாரு, அவருக்குப் பெறகு நான். சந்தியாகுன்னு என் பேரு, உரக்கடை சந்தியாகுன்னா எங்க ஊர்ல யாரும் சொல்லுவாவ. பெருமைக்குச் சொல்லல. கடைசி நாற்காலிக்கு யூதாசு நாற்காலின்னு பேரு. அதுல உக்கார ஒருத்தனும் வரமாட்டான். கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளையைப் பிடிச்சு உக்கார வைப்போம். அவரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காருவாரு, பாவம்.

சும்மா போய்க் காலை நீட்டிர முடியாது பாத்துக்கிடுங்க. மத்தியானமே கிணத்தடியில உக்காந்து பித்தவெடிப்பைக் கல்லுல தேச்சு, பீர்க்கங்கூடால சோப்புப் போட்டு, நகம் வெட்டி, தேங்காயெண்ணெ தடவித் தயார் பண்ணிருவேன். பெறகு தரையில கால் வைக்காம ஆட்டோ பிடிச்சுக் கோயிலுக்குப் போவேன். கோயில் எங்க தெருமுக்குலதான் இருக்கு. தெருமுக்குக்கு ஆட்டோவான்னு என் வீட்டுக்காரி பிலோமி சிரிப்பா. சாமியார் முத்தம் குடுக்கப்போற காலு! அழுக்கோடவா கொண்டுபோய் நீட்ட?

இந்த வருசம் சாமியார் புதுசு. அமலதாசுன்னு பேரு, சின்ன வயசு. விபூதிப் புதன் அன்னைக்கி எல்லாரு நெத்தியிலயும் சாம்பலைப் பூசிட்டு, பிரசங்கத்துல ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாரு. "இந்த வருசம் நான் யார் காலையும் கழுவப்போறதில்ல. வழக்கமா உக்காருத பன்னெண்டு பேரும் வாங்க. நீங்க யாரோட பேச்சுவார்த்தை இல்லாம இருக்கீங்களோ அவங்களைக் கூட்டிட்டு வந்து, உங்க நாற்காலியில உக்கார வச்சு, அவங்க காலை நீங்க கழுவுங்க." அம்புட்டுத்தான். முந்தின வரிசையில நாங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கோம்.

பெறகு கேக்கணுமே கூத்தை. ஊர்ல திடீர்னு ஒருத்தனுக்கும் சத்துரு இல்ல. வரப்புக்கு வெட்டருவா தூக்கினவன்லாம், "எனக்கு எல்லாரும் வேண்டப்பட்டவங்கதான்"னு சொல்லுதான். காலைக் கழுவ மனசில்ல, அதான் விசயம். நான் மட்டும்தான் தம்பி எந்திரிச்சு நின்னு சொன்னேன். "சாமி, எனக்குச் சத்துரு உண்டு. கூடப்பிறந்த தம்பியே சத்துரு. அவன் காலை நான் கழுவுதேன்." சாமியாரு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. பொம்பளைங்க பக்கத்துல ரெண்டு பேரு கண்ணைத் துடைச்சாவ. அப்பவே நான் முடிவு பண்ணிட்டேன், இந்தத் தபசு காலம் பூரா யேசு மாதிரியே இருந்து பாத்துரணும்னு.

தம்பி பேரு சூசை. அவனுக்கும் எனக்கும் என்ன சண்டைன்னா, சொன்னா நீங்களே நியாயம் சொல்லுவீங்க. எங்க அப்பா செத்ததும் கல்லறைக்கு அவன்தான் கல்லு வச்சான். நல்ல கருப்புக் கல்லு. கல்லறைத் திருநாளுக்குப் பூ வைக்கப் போய்ப் பாக்கேன், அடியில 'அன்பு மக்கள் சூசை, சந்தியாகு'ன்னு வெட்டியிருக்கு. சூசை முதல்ல! நான் மூத்தவன் தம்பி. ராயப்பர் நாற்காலியில உக்காருதவன். கேட்டா, "கல்லு வெட்டுதவரு செஞ்ச தப்புண்ணே, நான் கவனிக்கல"ங்கான். கவனிக்கலியாம்!

எங்க வீடு முன்பக்கம், அவன் வீடு பின்பக்கம். தெருவுலருந்து அவன் வீட்டுக்குப் போற நடை என் வீட்டை ஒட்டித்தான் போவும். வண்டி போற அகலம் உண்டு. அன்னைக்கே வந்து அதுல இரும்புக் கேட்டு போட்டுப் பூட்டினேன். சாவியை உத்தரியத்தோட சேத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டேன். உத்தரியம்னா மாதா படம் போட்ட கயிறு, நாங்க போடுவோம். அவனுக்குப் போக வழி இல்லாம இல்ல பாத்துக்கிடுங்க. பின்னால ஓடைக்கரையோரம் ஒத்தையடிப் பாதை இருக்கு. உடைமுள்ளு கொஞ்சம் கிடக்கும். பாத்து நடந்தா ஒண்ணும் ஆவாது.

அவன் பாத்து நடக்கல. தபசு காலம் தொடங்கி ரெண்டாவது வாரம், அந்தப் பாதையில கால்ல முள்ளு ஏறிட்டு. அவனுக்குச் சக்கரை வேற. சின்னப் புண்ணுன்னுதான் நினைச்சிருக்கான். ஒரு வாரத்துல பாதம் வீங்கி, சீழ் கட்டி, நடக்க முடியாமப் போச்சு. அப்பத்தான் அவன் பெண்டாட்டி மரியபுஷ்பம் என் வாசலுக்கு வந்தா. கேட்டு போட்டபெறகு அவ என் வாசல் மிதிச்சது அதுதான் முதல் தடவை.

"அத்தான், அவியளுக்குக் காலு ரொம்ப மோசமா இருக்கு. தினமும் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டு மாத்தணும்ங்காவ. பின்பாதையில நடத்திக் கூட்டிட்டுப் போவ முடியல. கேட்டைத் திறந்துவிட்டா ஆட்டோ வாசலுக்கே வந்துரும்."

பழைய சந்தியாகா இருந்தா என்னென்ன பேசியிருப்பேன்! ஆனா நான் ஒருசந்தியில இருக்கேன், ஒருநேரச் சாப்பாடு, மீனைத் தொடல, வாயில கெட்ட வார்த்தை கிடையாது. சிரிச்ச மூஞ்சியோட சொன்னேன். "தாயி, நான் சூசையை மன்னிச்சாச்சு. மனசுக்குள்ள முழுசா மன்னிச்சாச்சு. பெரிய வியாழன் அன்னைக்கி ஊர் முன்னால அவன் காலைக் கழுவி, அந்தக் கையாலயே சாவியையும் குடுக்கப்போறேன். அதுவரைக்கும் பொறுத்துக்கோ."

"நாங்க பொறுப்போம் அத்தான். காலு பொறுக்குமா?"ன்னா. விசுவாசம் வேணும் தாயின்னு சொல்லி அனுப்பினேன்.

அவ போனதும் பிலோமி பிடிச்சுக்கிட்டா. "இன்னைக்கே திறந்துவிட்டா யேசு உங்களைக் கோவிச்சுக்கிடுவாரா?" நல்லா கேளுங்க தம்பி. பொம்பளைங்களுக்கு ஒரு காரியத்தை யோசிச்சுச் செய்யத் தெரியாது. நான் சொன்னேன், "ஏட்டி, இன்னைக்கி சமாதானம் ஆயிட்டா வியாழக்கிழமை நான் யார் காலைக் கழுவ? சமாதானம் ஆனவன் சத்துருவா? சாமியாரு சத்துருவைத்தானே கூட்டிட்டு வரச் சொன்னாரு? கோயில்ல நின்னு பொய் சொல்லச் சொல்லுதியா?" அவ முறத்தை எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. பேச என்ன இருக்கு?

சும்மா இருந்துட்டேன்னு நினைக்காதீங்க. வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை செபத்துல ஒவ்வொரு தலத்துலயும் முழங்கால் போட்டு அவன் காலுக்காக வேண்டினேன். சத்தமாவே வேண்டினேன், எல்லாரும் கேட்டாவ. கோயில்ல மந்திரிச்ச எண்ணெயை ஒரு குப்பியில வாங்கிட்டு வந்து கேட்டுக்கு மேலால நீட்டினேன். மரியபுஷ்பம் எக்கி வாங்கிக்கிட்டா. ஒரு நாள் மனசு கேக்காம நானே போய், "சூசை, உன்னை நான் தோள்ல தூக்கிட்டு ஓடைப்பாதை வழியா ரோட்டுல கொண்டு விடட்டுமா?"ன்னு கூடக் கேட்டேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்னுதான் கேட்டேன். அவன் கட்டில்ல படுத்துக்கிட்டு, "கேட்டைத் திறண்ணே"ங்கான். தோள்ல தூக்குதேங்கேன், கேட்டைத் திறங்கான். அன்பைப் புரிஞ்சுக்கத் தெரியாத ஆளு.

இதுக்கு நடுவுல தொபியாசுன்னு ஒருத்தன், நாலாவது நாற்காலி, அவனுக்குச் சத்துரு கிடைக்கல. திருட்டுத்தனமா ஓடைப்பாதை வழியாப் போய்ச் சூசைகிட்ட பேரம் பேசியிருக்கான். "நீ என்னோட சண்டைன்னு ஊர்ல சொல்லு, வியாழக்கிழமை உன் காலை நான் கழுவிக்கிடுதேன். அதுக்குப் பதிலா தினமும் ஆளு வச்சு உன்னை ரோட்டு வரைக்கும் தூக்கிட்டுப் போறேன்." சூசையும் தலையாட்டியிருக்கான். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க! நேரா தொபியாசு வீட்டு வாசல்ல போய் நின்னேன். "லே, அவன் என் சத்துரு. நான் வருசக்கணக்கா வச்சிருக்க சத்துரு. நீ இடையில புகுந்து கொத்திட்டுப் போவப் பாக்கியா?"ன்னு கேட்டேன். ஊரே கூடிட்டு. தொபியாசு பயந்து விலகிட்டான். தூக்கிட்டுப் போற ஏற்பாடும் அதோட நின்னு போச்சு. அதுக்கு நான் என்ன செய்ய?

தொபியாசு பெறகு கஸ்பாரைப் பிடிச்சான். ரெண்டு பேரும் ஒட்டுப் பழம், ஒரு சிகரெட்டைப் பாதி பாதி குடிக்கிறவன்ங்க. டீக்கடையில எல்லாரும் பாக்க ஒரு சண்டை போட்டுக்கிடுவோம், வியாழக்கிழமை நீ என் காலைக் கழுவு, நான் உன் காலைக் கழுவுதேன்னு பேசி வச்சிருக்கானுவ. கஸ்பார் சும்மா ஒப்புக்கு, "நீ பெரிய யோக்கியனா?"ன்னு ஆரம்பிச்சான். தொபியாசு அதுக்கு ஒண்ணு சொல்ல, இவன் அவன் தங்கச்சி கல்யாணத்துல பந்தியில உக்கார வைக்காததை எடுக்க, அவன் இவன் மாமனாரை இழுக்க, கடைசியில டீ கிளாசு உடைஞ்சு, கஸ்பாருக்கு முன்பல்லு ஆடிப்போச்சு. இன்னைக்கி வரைக்கும் ரெண்டு பேரும் மூஞ்சி பாக்கறதில்ல. நான் சிரிக்கல தம்பி, தபசு காலத்துல சிரிக்கக்கூடாதுன்னு வீட்டுக்கு வந்துதான் சிரிச்சேன்.

நான் அவனுவ மாதிரி இல்ல, முறையாத் தயார் பண்ணினேன். புதுசா ஒரு பித்தளைத் தாம்பாளம் வாங்கினேன். வெள்ளைத் துண்டு எடுத்தேன். யாரு காலையும் கழுவிப் பழக்கமில்ல பாருங்க, குனிஞ்சா இடுப்பு பிடிச்சுக்கிடும். பழகிப் பாப்போம்னு ஒரு நாள் பிலோமியை நாற்காலியில உக்கார வச்சுக் காலைத் தாம்பாளத்துல வைக்கச் சொன்னேன். பாதம் பூரா வெடிப்பு. ஒரு விரல்ல நகமே இல்ல. "என்னட்டி காலை இப்படி வச்சிருக்க, பாக்கவே சகிக்கல"ன்னேன். "கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து இந்தக் காலுதான். இன்னைக்கித்தான் பாக்குதீங்க"ன்னு சொல்லிட்டுத் தண்ணியிலருந்து காலை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. துடைக்கக்கூட விடல. துண்டு நனையாம அப்படியே இருந்துச்சு, மடிச்சு வச்சிட்டேன்.

குருத்தோலை ஞாயித்துக்கிழமை விடியக்காலம். கோயிலுக்குப் போவ வேட்டி கட்டிக்கிட்டு நிக்கேன், கேட்டைப் பிடிச்சு ஒரே ஆட்டு. மரியபுஷ்பம்தான். சூசைக்குக் காய்ச்சல் கொதிக்கி, பினாத்துதான், காலு கருத்துப் போச்சுங்கா. தெருவுல வேன் வந்து நிக்கி. "அத்தான், உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன், திறங்க"ங்கா.

என் கை சாவிக்குப் போச்சு தம்பி. சத்தியமாப் போச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க. அவ்வளவு நாள் பொறுத்தாச்சு. இன்னைக்கி ஞாயிறு, நடுவுல மூணு நாளு, அடுத்தது வியாழன். சாமியார்கிட்ட சொல்லியாச்சு, ஊருக்குத் தெரிஞ்சு போச்சு, மதுரையிலருந்து என் மச்சினன் குடும்பத்தோட பாக்க வாரேங்கான். இந்த நேரத்துல அவசரப்பட்டுத் திறந்துட்டா, இத்தனை நாள் இருந்த ஒருசந்தியெல்லாம் என்னத்துக்கு? "தாயி, ஆண்டவர் சோதிக்காரு. கொஞ்சம் பொறு"ன்னேன். பிலோமி என் கழுத்துக் கயித்துல கையப் போட்டா. என் வீட்டுக்காரி, என் கழுத்துல! நான் உதறிட்டுக் கோயிலுக்குப் போயிட்டேன்.

நான் குருத்தோலை பிடிச்சுக்கிட்டு ஓசன்னா பாடிட்டு வாரேன், அங்க ஓடைப்பாதையில சூசையைக் கட்டிலோட தூக்கிட்டுப் போறாவ. தொபியாசு ஒரு பக்கம், கஸ்பார் ஒரு பக்கம், ஒருத்தனை ஒருத்தன் பாக்காம மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே தூக்கிட்டுப் போனானுவளாம். முன்னால பிலோமி அருவாளை வச்சு முள்ளை வெட்டி வழி விட்டுக்கிட்டே போயிருக்கா. அப்படியே வேனைச் சுத்தி வரச் சொல்லி ரோட்டுல வச்சு ஏத்தி, அவளும் கூடவே ஆசுபத்திரிக்குப் போயிட்டா. எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. வீட்டுல கஞ்சி வைக்க ஆளில்ல. ஒருசந்திதானேன்னு நானும் இருந்துக்கிட்டேன்.

பெரிய வியாழனும் வந்துட்டு. கோயில் நிரம்பி வழியுது. மத்தவனுவ எல்லாம் எங்கெங்கயோ தேடி ஒரு சத்துருவைக் கொண்டாந்து உக்கார வச்சிருக்கானுவ. ராயப்பர் நாற்காலி மட்டும் காலி. நான் தாம்பாளத்தை வச்சுக்கிட்டு முன்னால நிக்கேன். அதுல தண்ணி, தண்ணியில பன்னீரு. சாமியாரு வந்து, "உங்க தம்பி எங்க?"ன்னு கேட்டாரு. "ஆசுபத்திரியில கிடக்கான் சாமி. ஒரு மணி நேரம் அனுப்பி வைங்கன்னு உபதேசியாரை விட்டுப் போன்ல கேக்கச் சொன்னேன், விடலியாம்"னேன். சாமியாரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. "அப்ப நீங்க இங்க என்ன பண்ணுதீங்க? அங்க போங்க"ன்னாரு. அதுவும் நல்ல யோசனையாத்தான் பட்டுச்சு. கோயில்ல செபம் சொல்லிக்குடுக்கிற உபதேசியாரையும் கூட்டிக்கிட்டு, செல்போன்ல வீடியோ எடுத்துக்கிடும்னு சொல்லி, தாம்பாளத்தோட காரைப் பிடிச்சுப் பெரியாசுபத்திரிக்குப் போனேன்.

வார்டுல சூசை படுத்திருக்கான். பக்கத்துல மரியபுஷ்பம், தரையில பிலோமி. நான் உள்ள போனதும் ஒருத்தரும் எந்திரிக்கல. நான் தாம்பாளத்தைக் கட்டிலுக்குக் கீழ வச்சு, தண்ணி ஊத்தி, முழங்கால் போட்டு, "சூசை, உன் அண்ணன் வந்திருக்கேன்"னு சொல்லிப் போர்வையை விலக்கினேன்.

ஒரு காலுதான் இருந்துச்சு தம்பி.

முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாவ. முந்தின நாளே எடுத்துட்டாவளாம். சின்ன வயசுல நாங்க ரெண்டு பேரும் ஓடைக்கரையில ஆடு மேய்ப்போம். அவன் கால்ல முள்ளு குத்தினா வேற யாரையும் தொட விடமாட்டான். அண்ணன்தான் எடுக்கணும்னு என்கிட்ட நீட்டுவான். நான் ஊக்கு வச்சு, ஊதி ஊதி எடுத்துவிடுவேன். எந்தக் காலுன்னு நினைச்சுப் பாக்கேன், ஞாபகம் வரல. அழுதேன் தம்பி. ஊருக்காக அழல. உண்மையாத்தான் அழுதேன்.

உபதேசியாரு பின்னாலருந்து குனிஞ்சு, "அண்ணாச்சி, வீடியோ ஓடுது, இருக்க காலைக் கழுவுங்க"ன்னாரு. கழுவினேன். விரல் இடுக்கெல்லாம் விட்டுக் கழுவி, துண்டால ஒத்தி, முத்தமும் குடுத்தேன். சூசை என்னைப் பாத்து மெதுவா, "இந்தக் காலுக்கு ஒண்ணுமில்லண்ணே, இது நல்லாத்தான் இருக்கு"ன்னான். திட்டியிருந்தா எனக்கு ஆறுதலா இருந்திருக்கும்.

சொன்ன சொல்லு மாறக்கூடாது பாருங்க. கழுத்துலருந்து சாவியைக் கழத்தி மரியபுஷ்பத்துகிட்ட நீட்டினேன். அவ கையை நீட்டல. "வச்சுக்கிடுங்க அத்தான். இனி ஆட்டோவுக்கு அவசரம் இல்ல"ன்னா. நான் எவ்வளவு நேரம் நீட்டிக்கிட்டே நிக்க? கை வலிச்சுது. திரும்பக் கழுத்துல மாட்டிக்கிட்டேன். அதையும் உபதேசியாரு வீடியோ எடுத்துட்டாரு, நிப்பாட்டும்னு கண்ணைக் காட்டினேன், அந்த மனுசனுக்கு விளங்கல.

இவ்வளவுக்குப் பெறகும் என்னை யாராவது ஒரு வார்த்தை பாராட்டினாவளான்னு கேளுங்க. ஈஸ்டர் பூசையில சாமியாரு எல்லார் முன்னாலயும் சொல்லுதாரு, "அடுத்த வருசத்துலருந்து முதல் நாற்காலி சூசைக்கு. நானே அவர் காலைக் கழுவுவேன்." எங்க அப்பா உக்காந்த நாற்காலி! நான் எந்திரிச்சுக் கேட்டேன், "சாமி, ராயப்பருக்கு ரெண்டு காலு உண்டு. ஒத்தைக் காலோட உக்காந்தா சடங்கு சரியா வருமா?" நியாயமான கேள்விதானே? கோயில் பூரா என்னைத் திரும்பிப் பாத்தாவ. ஏன் அப்படிப் பாத்தாவன்னு எனக்கு இன்னும் புரியல.

பிலோமியும் இன்னும் வீட்டுக்கு வரல. சூசையைக் கூட்டிட்டு வந்த நாள்லருந்து பின்வீட்டுலயே கிடக்கா, அவனைப் பிடிச்சு நடக்க வைக்கா, புண்ணைத் துடைக்கா. கடைக்கு வரணும்னா ஓடைப்பாதை வழியா முள்ளுல நடந்து சுத்தி வாரா. கேட்டைத் திறக்கணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்லா? கேட்டா குடுக்கமாட்டேனா? கேக்கமாட்டேங்கா. நானா போய்த் திறந்துவிட்டா என்ன நினைப்பாவ? தப்பு செஞ்சவன் பயந்து போய்த் திறந்துட்டான்னுதானே ஊரு பேசும். நீட்டினப்ப வாங்கிக்கிடாதவங்களுக்கு வலியப் போய்த் திறக்க நான் என்ன அவ்வளவு இளக்காரமா?

ஸ்டாப்பு வந்துட்டு, நான் எறங்கணும். காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கிடுங்க தம்பி. ஆயர்கிட்ட பெரிசா ஒண்ணும் கேக்கப் போறதில்ல. நாற்காலி என் பேருலயே இருக்கட்டும், அடுத்த பெரிய வியாழனுக்கும் ஊர் முன்னால நானே கழுவுதேன், கோயில்ல வச்சு முறையாக் கழுவுதேன், அன்னைக்கே கேட்டையும் திறந்துருதேன்னு சொல்லப் போறேன். அதுவரைக்கும் அவங்க பொறுத்துக்கிடட்டும். சூசைக்கு இன்னும் ஒரு காலு இருக்குல்லா.